எவரிஸ்டோவின் பதிவு எண்

நெரெய்டா வணிக மேலாண்மையில் முதுகலை படிக்கப் போனது வியாபாரத்தின்மேல் ஆசைப்பட்டு அல்ல. ஓர் ஆளைக் கவிழ்க்க.

எஞ்சினியரிங் கடைசிப் பருவத்தில், சால்ட்டியோ நகரத்துக் கார் உதிரிபாக ஆலை ஒன்றுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள். அங்கே அழுத்தி எடுக்கும் கதவுத் தகடுகள் மூலையில் விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. தகட்டை அழுத்தும் இரும்பு அச்சின் எந்த வளைவை எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். பிரிவுத் தலைவர் எவரிஸ்டோ அதைத் தன் பெயரில் மேலே அனுப்பினார். அதையே அவள் ஆய்வேடாக எழுதக் கேட்டபோது, ஆலையின் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஆய்வேடு இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் எஞ்சினியர்களுக்கான அரசுப் பதிவேட்டில் பெயரும் எண்ணும் ஏறாது.

“படிச்சு முடிச்சும் பட்டம் வாங்காதவங்க இந்த ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க, கண்ணு. நீயும் ஒருத்தியா இருந்துட்டுப் போயேன்” என்று சிரித்தார்.

அவர் அறியாதது ஒன்று. முதுகலை வகுப்பில் சேர்ந்து பாதியைத் தாண்டினால் ஆய்வேடு இல்லாமலே எஞ்சினியர் பட்டம் தருவது அவள் கல்லூரி வழக்கம். எந்த முதுகலையும் செல்லும். மாலை வகுப்பு வணிகத்துறையில்தான் இடம் இருந்தது.

“மெஷின் படிச்சவளுக்கு வியாபாரப் படிப்பு எதுக்குடி?” என்றாள் அம்மா.

“ஒருத்தர் கணக்கைத் தீர்க்கணும்மா.”

இரண்டு வருடம் படித்தாள். பாதி தாண்டியதும் எஞ்சினியர் பட்டமும் பதிவு எண்ணும் கைக்கு வந்தன. வகுப்பில் ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர்களை ஆராய்ந்து எழுதச் சொன்னபோது, யாரும் பார்க்கக்கூடிய அந்த அரசுப் பதிவேட்டில் எவரிஸ்டோவின் பெயரைத் தேடினாள். இல்லை. அந்த ஊர் வழக்கப்படி பெயரின் கடைசியில் வரும் தாய்வழிக் குடும்பப் பெயரையும் சேர்த்துத் தேடினாள். அப்போதும் இல்லை. இருபது வருடமாக ஊரே எஞ்சினியர் என்று கூப்பிடும் மனிதரும் பட்டம் வாங்காதவர்தான். அதை அவள் அந்தக் கட்டுரையில் எழுதவில்லை.

படிப்பு முடிந்ததும் மேசையில் உட்காரும் அலுவலக வேலைகள் வந்தன. அவற்றை விட்டுவிட்டு அதே ஆலையில், அவருக்குக் கீழே, கடைநிலை எஞ்சினியராகச் சேர்ந்தாள்.

“வாங்க வியாபாரி! அச்சுல கை வைக்காதீங்க, நகம் உடைஞ்சிடும். காகிதம் எல்லாம் இனி உங்க வேலை” என்றார் எவரிஸ்டோ.

அதுதான் அவர் செய்த தவறு. தகடுகளை வாங்கும் கார் கம்பெனியின் ஆய்வாளர்கள் வந்த அன்று, அவர்களிடம் கொடுக்க வேண்டிய படிவம் அவள் கையில் இருந்தது. பொறுப்பு எஞ்சினியரின் பதிவு எண் என்ற கட்டத்தில் முந்தைய வருடங்களில் ஆலை மேலாளரின் எண்ணைப் போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள். அவள் அதை வெறுமையாக விட்டிருந்தாள்.

“எஞ்சினியர், உங்க பதிவு எண் சொல்லுங்க” என்றாள், எல்லோர் முன்னாலும்.

“அது... வீட்ல இருக்கு.”

“பரவாயில்ல, போன்லயே தேடலாம். அப்பா வழிப் பேர், அம்மா வழிப் பேர் ரெண்டையும் சொல்லுங்க.”

அழுத்தும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எவரிஸ்டோ தலைக்கவசத்தைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். மேலாளர் படிவத்தை வாங்கிப் பார்த்து, “உங்க எண்ணைப் போடுங்க. இனி நீங்களே கையெழுத்துப் போடுங்க” என்று நெரெய்டாவிடம் சொன்னார்.

சாப்பாட்டு வேளையில், இயந்திரத்தில் அச்சு மாட்டும் தொழிலாளி குக்கோ அவள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அவருக்குப் பட்டம் இல்லைன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் எஞ்சினியரம்மா, இருபது வருஷமா. படிப்போட கடைசிப் பருவத்துல அவரோட அப்பா நோயில படுத்துட்டாரு. சம்பாதிக்க வந்தவரு, திரும்பிப் போகல. இதை நாங்க யாரும் வெளிய சொன்னதில்ல. போதும், விட்டுடுங்க.”

நெரெய்டா தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். பட்டம் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியாத ஒருவர் அந்த அனுமதிக் கடிதத்தை மறுத்திருந்தால், அது அறியாமை. இவருக்குத் தெரியும். தினமும் தெரிந்துகொண்டே இருபத்திரண்டு வருடம் இருந்தவர். அப்படி நினைத்ததும், காலையில் இருந்ததைவிடக் கோபம் கெட்டிப்பட்டது.

“நாளைக்கு அந்தக் கதவுத் தகட்டு விரிசல் அறிக்கையையும் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லப் போறேன், குக்கோ. யார் பேரு அதுல இருக்கணும்னு உங்களுக்கும் தெரியும்தானே?”

“தெரியும்” என்றார் அவர்.

பழி தீர்த்தவருக்கு மனம் வெறிச்சோடிப் போகும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் பழி தீர்த்துப் பார்த்தார்களோ தெரியாது. அவளுக்கு நன்றாகப் பசித்தது. உப்புக்கண்டமும் முட்டையும் கிளறி வைத்துச் சுருட்டிய கோதுமை ரொட்டி ருசியாகவே இருந்தது.

குக்கோ தன் தட்டை எடுத்துக்கொண்டு, எவரிஸ்டோ தனியாக உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனார். அவள் தடுக்கவில்லை.