ரெட்டியார்பாளையத்தில் சத்தம் அளக்கப் போனேன்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாத விடிகாலை, பாரிமுனையில் புதுச்சேரி பஸ் ஏறினேன். மடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் சத்தம் அளக்கும் கருவி இருந்தது. எங்கள் அலுவலகத்தில் என்னைவிட அந்தக் கருவிக்குத்தான் மரியாதை அதிகம். பெட்டியை மேலே டாப்பில் போடச் சொன்னார் கண்டக்டர். முடியாது என்றேன். "அப்ப அதுக்கும் டிக்கெட் வாங்கிக்குங்க" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பதின்மூன்று ரூபாய், பெட்டிக்கு லக்கேஜ் இரண்டு ரூபாய்.

செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் என்று நூற்று அறுபது கிலோமீட்டர் போவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் நான்கு தடவை பெட்டிக்குள் என்ன என்று கேட்டுவிட்டார். சொன்னேன். "சத்தத்த அளந்து என்னா பண்ணுவீங்க?" என்றார். டெலிபோனுக்காகப் பெரிய இரும்புக் கோபுரம் கட்டுகிறார்கள், கட்டும்போது அக்கம்பக்கத்துக்கு எவ்வளவு சத்தம், கட்டி முடித்த பிறகு தினசரி எவ்வளவு சத்தம் என்று மதிப்பிட்டு எழுதித் தர வேண்டும் என்றேன். "இரும்பு சும்மாதானே சார் நிக்கும்?" என்றார். வாஸ்தவம்தான். கோபுரம் சும்மாதான் நிற்கும். கரண்ட் போனால் ஓடுவதற்கு அதன் காலடியில் வைக்கிற டீசல் ஜெனரேட்டர்தான் சும்மா இருக்காது. அந்தக் காலத்தில் கரண்ட் பகலில்தான் அதிகம் போகும், போய்ப் போய் வரும்.

கோரிமேட்டில் பாதி பஸ் காலியானது. ஃபிளாஸ்க்கும் பாயுமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். ஊருக்குள் இறங்கி, ரெட்டியார்பாளையத்துக்கு ஒரு சைக்கிள் ரிக்ஷா பேசினேன். நாலு கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். விழுப்புரம் சாலையில் மிதித்துக்கொண்டே ரிக்ஷாக்காரர் கேட்டார்: "டவருக்கா சார்? அது வந்தா டிவி தெரியுமாமே?"

"டிவி இல்லப்பா. டெலிபோனுக்கு."

"போனு பேச எதுக்கு சார் அவ்ளோ ஒசரம்?"

ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அலைகள் தடையில்லாமல் போக வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் இடம் வந்துவிட்டது. அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

கோபுரம் அப்போதுதான் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது. கலவை மெஷினும், இரும்பு தூக்கும் விஞ்ச் மெஷினும், கிழக்குச் சுவரோரம் ஒரு தற்காலிக ஜெனரேட்டரும் இருந்தன. நாளை நிரந்தரமாக வரப்போவதும் இதே குதிரைத்திறன்தான் என்பதால் இதை அளந்தாலே அதை மதிப்பிட்டுவிடலாம். நிரந்தர ஜெனரேட்டரின் கொட்டகையைக் கிழக்குச் சுவரோரம் வைப்பதா, வீடுகள் இல்லாமல் தள்ளியிருக்கும் மேற்கே, சவுக்குத் தோப்பு ஓரம் வைப்பதா என்பதுதான் கேள்வி. கிழக்கே வைத்தால் டீசல் பீப்பாய்களைச் சாலையிலிருந்து உருட்டிக்கொண்டு வருவது சுலபம். ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவின் ஓட்டு வீடுகள், கொல்லைப்பக்கம் சுவரோடு ஒட்டி.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர் கலியமூர்த்தி. முப்பது வயது, கழுத்தில் எண்ணெய்த் துண்டு. மெஷின் பக்கத்தில் அளந்தேன். கருவியின் முள் எண்பதைத் தொட்டது. அடுத்து, கருவி பொருத்திய முக்காலியைத் தூக்கிக்கொண்டு சுவரைச் சுற்றித் தெருவுக்குள் போய், வீடுகளின் வாசலில் நிறுத்தினேன். மெஷின் நின்றுவிட்டது. திரும்பி வந்து கேட்டால், "சூடாவுது சார், கொஞ்சம் ஆறட்டும்" என்றார். ஓடியதும் மறுபடி தெருவுக்குப் போனேன். மறுபடி நின்றது. வெயிலில் இப்படி மூன்று நடை. தெருவில் எனக்குக் கிடைத்ததெல்லாம் சிட்டுக்குருவிகளின் சத்தம். கலியமூர்த்திக்கு என்மேல் என்ன கோபமோ என்று யோசித்தேன். அவரோ எனக்கு மோர் வாங்கி வந்து கொடுத்தார்.

மத்தியானம் ஊருக்குள் வந்து மிஷன் வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். வாடகை பன்னிரண்டு ரூபாய். சோப்பு வாங்கலாம் என்று இறங்கினால் கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஏதாவது கடையடைப்பா என்று லாட்ஜ்காரரிடம் கேட்டேன். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். "முசே, இந்த ஊர்ல சாப்பிட்டதும் படுத்துடணும். நாலு மணிக்கு மேல வாங்க, எல்லாம் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு அவரும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பகலில் இவ்வளவு பேர் தூங்கும் ஊரை நான் பார்த்ததில்லை. சோப்பில்லாமல் குளித்தேன்.

மறுநாள் காலை முக்காலியைத் தூக்கவில்லை. சும்மா சிமெண்டு மூட்டைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்கு மேல் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கை எழுந்தது. சுவர்மேல் இருந்த முள்கம்பியில் ஒரு காக்கிச் சட்டையைத் தொங்கவிட்டுப் போனது. கலியமூர்த்தி உடனே மெஷினை நிறுத்தினார். மேஸ்திரி வந்து சத்தம் போட்டதும் ஓட்டினார். மேஸ்திரி தலை மறைந்ததும் நிறுத்தினார். மணிக்கு நாலைந்து தடவை இந்தக் கூத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சட்டை ஏதாவது யூனியன் விவகாரமா?

கேட்டேன். கலியமூர்த்தி தரையைப் பார்த்தார். "அந்த வூட்டு அக்காவோட வூட்டுக்காரரு மில்லுல நைட் ஷிப்டு சார். சட்டை தொங்குனா அவரு படுத்துட்டாருன்னு அர்த்தம். பாவம், ராத்திரி பூரா தறிகிட்ட நின்னுட்டு வராரு. நம்மளால ஆனது."

அந்த வீட்டுக்குப் போனேன். அஞ்சலை என்று பெயர். என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, உள்ளே கையைக் காட்டி, மெல்லப் பேசச் சொன்னார். கணவர் ஏழுமலை உள்ளறையில் படுத்திருந்தார். பன்னிரண்டு வருஷம் தினக்கூலியாக இருந்து, போன தையில்தான் அவருக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது.

"டவர் வேல ஆரம்பிச்சதுலேந்து தூக்கமே இல்ல சார். போன வாரம் தறிகிட்டயே கண்ணு அசந்துட்டாராம். இன்னொரு வாட்டி பாத்தா பழையபடி தெனக்கூலிக்குத் தள்ளிடுவேன்னு சூப்ரவைசரு சொல்லிட்டாரு. வேல கூடப் போவட்டும், விரலு மாட்டுனா?"

எனக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. இந்த நல்ல மனுஷர் மெஷினை நிறுத்த நிறுத்த, என் கணக்கில் தெருவின் சத்தம் குறைந்துகொண்டே போகும். நான் சென்னைக்குப் போய், இங்கே தொந்தரவே இல்லை என்று எழுதுவேன். கொட்டகை இந்தச் சுவரோரமே வந்துவிடும். அதை ஓட்டப் போவது கலியமூர்த்தி இல்லை. கரண்ட் போனால் தானாக ஓடும், வந்தால் தானாக நிற்கும். எந்தச் சட்டையையும் பார்க்காது.

இதை அஞ்சலையிடம் சொன்னேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப நல்லது பண்ணப் போயி நாங்களே குழி வெட்டிக்கிட்டோமா?"

"நாளைக்கு ஒரு காலை மட்டும் மெஷினை நிறுத்தாம ஓட்டச் சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்குள்ளயே அளந்துடறேன். அளவு மீறிச்சுன்னா மேற்கே தள்ளிடலாம்."

"எவ்ளோ வந்தா மீறும்?"

"எழுபதுன்னு வெச்சுக்குங்க."

"ஒரு மெஷினே எழுபதுன்னா, ரெண்டு ஓட்டுனா நூத்தி நாப்பது ஆயிடுமே. கலவை மெஷினையும் சேத்து ஓட்டச் சொல்லட்டா?"

"அப்படி வராதும்மா. எழுபதும் எழுபதும் சேர்ந்தா எழுபத்து மூணுதான்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னா சார் கணக்கு இது? ரெண்டாவது மெஷினு அவ்ளோ டீசல் குடிச்சுட்டு மூணு சத்தம்தான் போடுமா?"

டெசிபல் கணக்கு அப்படித்தான். பெருக்குவதற்குப் பதில் கூட்டும், கூட்டுவதற்குப் பதில் கொஞ்சம் தூவும். படித்த எனக்கே மூன்று வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது. அதை அந்த வாசலில் நின்று சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை. வேறு எங்காவது அவரைத் தூங்கச் சொல்லலாமே என்றேன்.

"அரியாங்குப்பத்துல நாத்தனா வூடு இருக்குது. எட்டு மணிக்கு மில்ல வுட்டு வந்து, ஆத்தத் தாண்டிப் போயி எப்ப சார் தூங்குறது? வேணாம். இங்கயே படுக்கட்டும். ஆனா நாளைக்கு ராத்திரி அவருதான் தறிகிட்ட நிக்கணும், நீங்க இல்ல. அத மட்டும் நெனப்புல வெச்சுக்குங்க."

நினைப்பில் வைத்துக்கொண்டேன். என் ஒரு அளவுக்காக ஒரு மனுஷனின் விரலைப் பணயம் வைக்கிறோமே என்று பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, ஏழுமலை சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தலைமுடியில் பஞ்சுத் துகள். விஷயத்தை அஞ்சலை சொல்லியிருந்தார். "அளந்துக்குங்க சார்" என்றார், அவ்வளவுதான். பழைய சோற்றைச் சாப்பிட்டார், பாயை விரித்தார். தலையணைக்கு ஒரு முழம் தள்ளிக் கருவியை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கலியமூர்த்தி மெஷினைப் போட்டார். ஓடு அதிர்ந்தது. அடுக்களை வாசலில் அஞ்சலை முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றார். முள் ஏறி அறுபத்தாறில் நின்றது.

அடுத்துத் திடீரென்று முள் எழுபத்தெட்டுக்குத் தாவி இறங்கியது. மறுபடி தாவியது. ஜெனரேட்டரில் ஏதோ கோளாறு என்று எட்டிப் பார்த்தேன். கோளாறு இல்லை. ஏழுமலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அஞ்சலை என்னைப் பார்த்தார். நான் கருவியைப் பார்த்தேன். ஒரு குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவில்தான் ஜெனரேட்டரை அளக்க முடிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த இரைச்சலில் அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. இவருக்கா தூக்கம் இல்லை? அஞ்சலை என்னிடம் பொய் சொல்லியிருப்பாரோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை. ஒன்றும் ஓடாமல், போதும் என்று எழுந்து, கொல்லைப்பக்கம் போய்க் கலியமூர்த்திக்குக் கை காட்டினேன். அவர் மெஷினை நிறுத்தினார்.

உள்ளே ஏழுமலை சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. கை எதையோ காற்றில் தேடியது.

"நூலு அறுந்துடுச்சா?" என்றார்.

அஞ்சலை தண்ணீர் கொடுத்தார். குடித்ததும் தெளிந்து, தானே வெட்கப்பட்டார். "தறி நின்னா நூலு அறுந்துடுச்சுன்னு அர்த்தம் சார். ஓடி முடிச்சுப் போடணும். ஓடிக்கிட்டு இருந்தா கவலையே இல்ல. பன்னெண்டு வருசமா பழகிப்போச்சு. இங்க அந்த மெஷினு சும்மா சும்மா நிக்குதுல்ல, நின்னா தூக்கிவாரிப் போடும். அப்பறம் படுத்தா தூக்கம் வராது."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் அஞ்சலை.

"மெஷினு நிக்கறதுக்கு நீ என்னா பண்ணுவ?"

அஞ்சலை அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர்தானே சட்டையைத் தொங்கவிட்டது. "தெனமும் நான்தான் உங்கள எழுப்பிக்கிட்டு இருந்தேனா" என்று கேட்டார். அது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும் இருந்தது. திறந்திருந்த கொல்லை வாசலுக்கு அப்பால், சுவருக்கு மேலே கலியமூர்த்தியின் தலை தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"அக்கா, திரும்பப் போட்டுடட்டா?"

போட்டார். ஏழுமலை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அஞ்சலை கதவைச் சாத்தாமலே என்னோடு வாசல்வரை வந்தார். "என்னா சார் எழுதப் போறீங்க?" என்று கேட்டார். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

மத்தியான பஸ்ஸில் திரும்பினேன். திண்டிவனம்வரை மண்டை குடைந்தது. அறுபத்தாறு என்பது எங்கள் கணக்கில் பகலுக்குத் தாங்கக்கூடிய சத்தம். அந்த எண்ணும் கிழக்குச் சுவர் என்கிறது, அவருடைய குறட்டையும் கிழக்குச் சுவர் என்கிறது. ஆனால் நாளைக்கு வரப்போகும் ஜெனரேட்டர் கரண்ட் வரும்போதெல்லாம் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அவர் நூலைத் தேடி எழுந்து உட்காருவார். ராத்திரி தறியருகே கண் அசருவார். சத்தத்தை அளக்க என்னிடம் கருவி இருக்கிறது. சத்தம் நிற்பதை எதை வைத்து அளப்பது? போகும்போது ஆயிரம் கேள்வி கேட்டவர் மாதிரி ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் அவரிடமாவது கேட்டிருப்பேன். இந்தத் தடவை பக்கத்தில் வெறும் பலாப்பழ மூட்டை.

இரண்டு நாள் கழித்து, மேற்கே சவுக்குத் தோப்பு ஓரம் வைக்க வேண்டும் என்று அறிக்கை எழுதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அறுபத்தாறு தாங்கக்கூடியதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு மேற்கு?"

"மெஷின் ஓடினா யாரும் எழுந்துக்கலை சார். நின்னாத்தான் எழுந்துக்கறாங்க."

"சரி. நிக்கறது எத்தனை டெசிபல்?"

அறையில் எங்களைத் தவிர இருந்தது கணக்கர் ஒருவர்தான். மூலை மேஜையில், தலைக்கு மேலே கடகடவென்று ஆடி ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிக்கு அடியில், கன்னத்தில் கை வைத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் போய் அந்த மின்விசிறியை நிறுத்தினேன். அது மெல்லச் சுற்றி, கடகடப்பு அடங்கி, நின்றது.

கணக்கர் திடுக்கிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "என்ன சார், என்ன ஆச்சு?" என்றார்.

மேலதிகாரி அவரைப் பார்த்தார், நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேற்கு என்று இருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.