சைக்கிளைத் தள்ளுவதற்கு ஏற்ற சாலைகள்

குன்னூர்ப் பக்கம் வண்டி நடமாட்டம் இல்லாத சைக்கிள் பாதை எது என்று யார் கேட்டாலும் ஊரில் என்னைக் கைகாட்டிவிடுகிறார்கள். எனக்கும் எல்லாம் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டுவண்டிக்காக எஸ்டேட்டுக்குள் வெட்டிய பாதை, புது ரோடு வந்ததும் பஸ்கள் மறந்துபோன பழைய ரோடு, கேத்தியில் கேரட் தோட்டங்களுக்கு நடுவே போகிற ஒற்றைத் தார்ச்சாலை. வரலாற்றில் பிடிப்புள்ள மனுஷன், அமைதியை விரும்புகிறவர் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. உண்மை வேறு. நீலகிரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு. மேட்டில் எனக்குச் சைக்கிள் மிதிக்க வராது, இறங்கித் தள்ளத்தான் வரும். தள்ளுவதைப் பார்க்க ஆளில்லாத சாலையாகத் தேடித் தேடிப் போனதில் இத்தனை பாதைகள் தெரிந்துபோயின.

சைக்கிள் என் மகள் வாங்கிக் கொடுத்தது. பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நான் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆன மாதமே டாக்டர் சர்க்கரை என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கியர் வைத்த சைக்கிள் ஒன்று வீட்டு வாசலில் வந்து இறங்கியது. எங்கள் மலைக்காரர்களுக்கும் சைக்கிளுக்கும் அவ்வளவாக ஒட்டாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கிற சைக்கிளையே பலர் கீழே மேட்டுப்பாளையத்துச் சொந்தக்காரர்களுக்குத் தள்ளிவிட்டுவிடுவார்கள். அதனால் அக்கம்பக்கத்தார் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் மனைவி மட்டும் ஹேண்டில் நல்ல அகலம், ஈரத்துணி காயப்போட வசதி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மகள் போன் செய்வாள். இந்த வாரம் எங்கே போனீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. போன இடத்தைச் சொல்வேன். போனது பொய்யில்லை. எதன்மேல் உட்கார்ந்து போனேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியே வாரத்துக்கு வாரம் ஒரு மலையாக ஏறிக்கொண்டிருந்தேன்.

நட்ட நடு மேட்டில் மூச்சு வாங்க நின்றால், எப்போதாவது வருகிற ஒரு ஆள் என்ன நினைப்பான்? நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அங்கேதான் வரலாறு கைகொடுத்தது. இந்தப் பழைய சாலைகளில் பத்து நிமிஷத்துக்கு ஒரு சமாதியோ, மைல்கல்லோ, கூரை போய் அடுப்புப் புகைபோக்கி மட்டும் நிற்கிற பங்களாவோ வரும். இடுப்பில் கைவைத்து அதை உற்றுப் பார்த்தால் போதும். யாராவது கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். ஒரு மைல்கல்லைக் காட்டி, சீமைக்குக் கப்பலேறக் கிளம்பிய துரைசானி ஒருத்தி இந்த மலையை விட்டு வரமாட்டேன் என்று இதன்மேல் உட்கார்ந்துகொண்டாள் என்று ஒருநாள் அளந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அதே கல்லருகே ஒரு ஜீப் டிரைவர் டூரிஸ்ட்காரர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். துரைசானிக்கு ஒரு வெள்ளைக் குதிரை வேறு சேர்ந்திருந்தது. குதிரை கிடையாதுங்க என்று நான் வாயெடுத்தேன். உங்களுக்குத் தெரியாது, இது நெசமா நடந்தது என்று என்னை அடக்கிவிட்டார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது தன் சைக்கிளையும் கொண்டுவருவதாக மகள் சொன்னாள். என்னோடு ஒருநாள் ஓட்ட வேண்டுமாம். பெண் படித்து வேலைக்குப் போய்விட்டால் போன் ரிப்பேர், பேங்க் வேலை, டாக்டரிடம் பேசுவது என்று எல்லாவற்றுக்கும் அப்பன்தான் அவள் கையை எதிர்பார்த்து நிற்கிறான். அவள் என்னை அண்ணாந்து பார்க்க இந்த ஒரு விஷயம்தான் மிஞ்சியிருந்தது. அதை இழக்க எனக்கு மனசில்லை.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். வழக்கமாக நான் கீழேயிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிற எஸ்டேட் வண்டிப்பாதையில் அன்று மேலேயிருந்து இறங்குவது. சைக்கிள்களைப் பக்கத்து வீட்டுப் பிக்கப்பில் உச்சிக்கு ஏற்றிவிடலாம். பாதை முழுக்க இறக்கம், மிதிக்கவே வேண்டாம். கீழே கேத்தியில் தெரிந்தவருடைய கேரட் வண்டி காலியாக நிற்கும், அதில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். பழைய சாலைகளை மேலேயிருந்து பார்த்தால்தான் வெட்டிய விதம் புரியும் என்று மகளிடம் காரணம் சொன்னேன். அவள் புருவத்தைத் தூக்கினாள். சரிங்கப்பா என்று மட்டும் சொன்னாள்.

அன்று காலை உறைபனி விழுந்து வெயில் நன்றாக அடித்தது. இறக்கத்தில் நான் ராஜா. வளைவுக்கு வளைவு மணியடித்துக்கொண்டு முன்னால் போனேன். இரண்டு பக்கமும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக், எதிரே ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை. மகள் சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கொண்டே வந்தாள். மைல்கல்லில் நிறுத்தித் துரைசானி கதையைச் சொன்னேன். இந்தமுறை குதிரையையும் சேர்த்துக்கொண்டேன், நன்றாகத்தான் இருந்தது. அவள் கல்லைத் தடவிப் பார்த்தாள். எனக்கு லேசாக உறுத்தியது, அடுத்த வளைவில் சரியாகிவிட்டது.

கடைசி இறக்கத்தில், கேத்தி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், காட்டெருமைகள் நின்றிருந்தன. கூட்டமாக, ரோட்டை அடைத்துக்கொண்டு. அவை எங்களூரில் புதிதல்ல, சற்று நின்றால் நகர்ந்துவிடும். நின்றோம். ஒரு பெரிய கிடா எங்களைப் பார்த்துவிட்டு, இவர்களால் ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்ததுபோல் அப்படியே ரோட்டில் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்து இன்னொன்றும் படுத்தது. மகள் சைக்கிளைத் திருப்பினாள். வந்த வழியே மேலே போய்விடலாமே அப்பா, உங்களுக்கு வழக்கமாக ஏறுகிற மேடுதானே என்றாள்.

வேறு வழியில்லை, ஏறினேன். சின்ன கியருக்கு மாற்றி, பல்லைக் கடித்து முதல் வளைவைத் தாண்டினேன். இரண்டாவது வளைவில் நாக்கு தள்ளிவிட்டது. காலை ஊன்றி இறங்கினேன். சுற்றிலும் பார்த்தால் சமாதி இல்லை, மைல்கல் இல்லை, ஒரு மழைநீர் வாய்க்கால் மட்டும் ஓடியது. இந்த வாய்க்கால் சாதாரண வாய்க்கால் இல்லை பார்த்துக்கோ என்று ஆரம்பித்தேன். அப்போது தலைக்குமேல் தேயிலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னங்க கிளாக்கரய்யா, இன்னிக்கு இங்கயே எறங்கிட்டீங்க? எப்பவும் மேல குழாயடி வரைக்கும் வருவீங்களே."

நிமிர்ந்து பார்த்தேன். சரிவில் வரிசையாகப் பெண்கள் கத்தரியும் கையுமாக இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். எஸ்டேட் ரோட்டில் ஆளே இருக்காது என்று நம்பிய முதல் எஸ்டேட் கிளார்க் நானாகத்தான் இருப்பேன். ஆபீஸ் நாற்காலியிலேயே காலம் தள்ளியவனுக்குக் தேயிலைக்காடு என்றால் ஆளில்லாத வெறும் காடுதான். மூச்சு வாங்குகிறவன் தலையைத் தூக்குவதும் இல்லை, முன்சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடப்பான். கத்தரிச் சத்தம் காதில் விழத்தான் செய்யும், அதை யார் கவனித்தார்கள்.

மானம் கப்பலேறிவிட்டது. மகள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் மேலே பார்த்து, அப்பா எப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாரா என்று கேட்டாள். அவர்களில் மூத்தவர், தலையில் துண்டு கட்டியிருந்தவர், பதில் சொன்னார்.

"போன மழைக்கு முந்தி கீழ பாலத்துகிட்டயே எறங்கிருவாரும்மா. இப்பக் குழாயடி வரைக்கும் மிதிச்சே வர்றாரு. நாங்கதான் பாக்குறோமே."

எனக்கு இது புதுச் செய்தி. ஒளிந்து ஒளிந்து தள்ளுவதிலேயே குறியாக இருந்ததில், இறங்குகிற இடம் மேலே மேலே போயிருந்ததை நானே கவனிக்கவில்லை.

மகள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

"அப்போ நெசமாவே ஓட்டறீங்களாப்பா?" என்றாள். "நீங்க சைக்கிளைத் தொடறதே இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க. வாரம் ஒரு மலைன்னு நீங்க சொன்னதுல ஒண்ணைக்கூட நான் நம்பல. பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வாரமும் என் புளுகை நம்பாமலேயா உம் கொட்டிக்கொண்டிருந்தாள்? அவள் கண்ணில் விழாமல் இருக்க இவ்வளவு பாடுபட்டேனே, அவள் கணக்கில் நான் ஏறி உட்காரவே இல்லையாம். கூடவே சந்தோஷமும் வந்தது, அதை மறைக்கத் தெரியவில்லை. குழாயடி வரைக்கும் போகலாமா என்று கேட்டாள். சைக்கிளில் ஏறினேன். மேலேயிருந்து பெண்கள் மிதிங்கய்யா, மிதிங்கய்யா என்று விடாமல் சத்தம் கொடுத்தார்கள். அவ்வளவு பேர் பார்க்கும்போது இறங்க முடியுமா? குழாயடியைத் தாண்டி இன்னொரு வளைவும் போய்த்தான் காலை ஊன்றினேன். மகள் வந்து பக்கத்தில் இறங்கினாள். அங்கிருந்து இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு உச்சிக்குப் போனோம்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் எங்கே போனீர்கள் என்று அவள் கேட்பதில்லை. எங்கே இறங்கினீர்கள் என்று கேட்கிறாள். நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தலையில் துண்டு கட்டியிருந்த அந்த மூத்த அம்மாவின் போன் நம்பரை அன்றே வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.