ஓரகத்தியோடு திருகோணமலைக்கு

ஆடி மாதத் திங்கட்கிழமை. காலை ஆறரை மணிக்குத் திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி ஏறினோம். செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கிளாம்பாக்கம் ஏறத்தாழ நூற்றறுபது கிலோமீட்டர். வழியனுப்ப வந்த எங்கள் கணவர்கள் இருவரும் எங்களைவிடக் கலங்கிப் போயிருந்தார்கள்.

“பௌர்ணமிக்குச் சட்னி அரைக்க எவ்ளோ தேங்கா எடுக்கணும்?” என்று சன்னலோரம் வந்து கேட்டார் என் மச்சாண்டார்.

“கூட்டத்தப் பாத்து எடுங்க. கம்மியா போனா தக்காளில சமாளிங்க” என்றார் தேன்மொழி அக்கா. வண்டி கிளம்பிவிட்டது.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் எங்கள் இட்லிக் கடை. தேன்மொழி அக்கா மூத்த மருமகள், நான் இளையவள். இருபது வருடமாக ஒரே அடுப்படி. அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று போன வருடம் தெரிந்தது. அறுவை முடிந்தது, மருந்து ஏற்றினார்கள், முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. ஒரு மதியம் உளுந்து களைந்துகொண்டிருந்தவர் சட்டென்று சொன்னார்:

“கப்பல்ல போகணும் சுமதி. கரையில நின்னு பாத்துட்டு வர்றது இல்ல. ரெண்டு மூணு நாள் கடல் மேலயே இருக்கணும்.”

நான் சிரிக்கவில்லை. மறுநாளே இருவரும் செங்கம் சாலைக்குப் போனோம். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்கு நடுவே நஸ்ரின் என்ற பெண் பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்துகிறார். எங்கள் கடையில் சாப்பிடுகிறவர்தான். கணினியைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார்.

“சென்னையிலருந்து இலங்கைக்குப் போவுதுக்கா. அம்பாந்தோட்டை, திருகோணமலை, ரெண்டு ஊரு. ஆடி மாசம் கிழக்குக் கடல் அமைதியா இருக்கும். ஆனா வெயில் ஜாஸ்தி.”

வெயில்தான் எங்களுக்குச் சிக்கல். அறுவை நடந்த பக்கத்துக் கை சூடு பட்டால் வீங்கிக்கொள்ளும். மருத்துவரிடம் கேட்டோம். “தாராளமா போங்க. கைக்கு உறை போட்டுக்குங்க, அந்தக் கையில பை தூக்காதீங்க. வெயில் ஏறறதுக்குள்ள நிழலுக்கு வந்துடணும்” என்றார். இரண்டு பேர் பையையும் நான் தூக்குவது என்று அங்கேயே முடிவாயிற்று.

பணம் கட்டும் நேரத்தில் மச்சாண்டார் தயங்கினார். அடுத்த வாரம் அக்காவுக்கு ஸ்கேன்.

“ரிசல்ட்டு வந்துடட்டுமே. அப்புறம் கட்டலாம்.”

“நல்லா வந்தா போலாம், இல்லன்னா வீட்ல உக்காரணுமா?” அக்கா குரலை உயர்த்தவில்லை. “எப்படி வந்தாலும் நான் போறேன். இன்னிக்கே கட்டுங்க.”

கட்டினோம். அடுத்த வாரம் ஸ்கேனில், நுரையீரலில் சின்னதாக ஒரு புள்ளி தெரிகிறது, இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள். திரும்பும் வழியில் ஆட்டோ வேங்கிக்கால் தாண்டியதும் அக்கா என் பக்கம் சாய்ந்தார்.

“ஏன்டி, கப்பல்ல நைட்டியோட வெளிய வரலாமா? எதுக்கும் நஸ்ரின கேட்டு வை.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

திங்கள் மதியம் சென்னைத் துறைமுகத்தில் ஏறினோம். கப்பல் நாங்கள் நினைத்ததுபோல ஆடும் பொருளாகவே தெரியவில்லை. நான்கு தளம் ஏறியும் மேலே இன்னும் இருந்தது. மாலையில் கரை நழுவத் தொடங்கியபோதுதான் கிளம்பிவிட்டோம் என்று புரிந்தது. அன்று இரவே எனக்குத் தலை சுற்றிக் குமட்டியது. அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. பூரி, கிழங்கு, இரண்டு கிண்ணம் பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்து என் நெற்றியைப் பிடித்துவிட்டார். ஒரு வருடமாக நான் அவருக்குச் செய்துவந்த வேலை அது.

புதன்கிழமை அம்பாந்தோட்டையில் நின்றபோது நடு மதியம். வெயில் தகித்தது. அக்கா இறங்கவில்லை. நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு அந்த ஊரை மேலிருந்தே பார்த்தார். நானும் உடன் இருந்துவிட்டேன்.

வியாழன் விடியலில் திருகோணமலை. மலைகளுக்கு நடுவே ஏரி போல அடங்கிக் கிடந்த துறைமுகம். வெளியே வந்ததும் ஓர் ஆட்டோக்காரர் தமிழிலேயே கேட்டார்.

“எங்கேயிருந்து வாறீங்கள்?”

“திருவண்ணாமலைங்க. வெயில் வர்றதுக்குள்ள கடல்ல எறங்கணும்.”

“அப்ப உப்புவெளிக்குப் போவம். அலை இல்லை, பயப்பிடாமல் இறங்கலாம்.”

ஐந்தாறு கிலோமீட்டர்தான். அவர் சொன்னது சரி. அலை காலைத் தொட்டுவிட்டு அமைதியாகத் திரும்பியது. அக்கா புடவையைச் செருகிக்கொண்டு நடந்தார். முழங்கால், இடுப்பு, பிறகு மார்பு வரை. அறுவைக்குப் பிறகு குளிக்கும்போதுகூடத் தன் உடம்பைப் பார்க்காதவர். இரண்டு கைகளையும் தண்ணீரில் பரப்பி வைத்தார்.

“சுமதி, கை கனமே தெரியலடி!”

கரையில் நின்ற ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். வெயில் சுள்ளென்று ஏறும் வரை இருவரும் தண்ணீரிலேயே நின்றோம்.

அன்று மாலை கப்பல் திருகோணமலையை விட்டு நகர்ந்தது. ஊரில் கடை, வீடு, ஆஸ்பத்திரி என்று மூன்று இடத்துக்குள் ஒரு வருடம் கழிந்துவிட்டதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். மேல்தளத்தில் தூத்துக்குடிப் பணிப்பெண் ஒருத்தியை அக்கா நிறுத்தி வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

“கொச்சியிலருந்து கப்பல் போவுதாமே, எந்த மாசம்மா? எனக்குத் தை மாசம்னா சரியா வரும். பொங்கல் கூட்டம் முடிஞ்சிருக்கும்.”

நோய் வந்ததிலிருந்து அக்கா வரப்போகிற மாதம் ஒன்றின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

“நடுவுல ஸ்கேன் இருக்குதேக்கா.”

“அது ஐப்பசில. இது தையில” என்றார் அக்கா. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, “நீ சொல்லும்மா, கொச்சியிலருந்து எங்கெல்லாம் போவும்?” என்று கேட்டார்.