நேராகத் தைத்த லேபிள்

குத்துச்சண்டைக் கூடத்தில் தையல்காரருக்கு 'அரை இன்ச்' என்று பெயர். அளவெடுக்க யார் வந்தாலும், "அரை இன்ச் விட்டுத் தைக்கிறேன், உடம்பு ஒரே மாதிரி இருக்காது" என்பார். கடையில் அது அவருடைய நற்பெயர். கூடத்தில் கேலி.

நாற்பத்து மூன்று வயதில், மெஷின்மேல் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டபோது, சகலைதான் அவரை அங்கே கூட்டிப்போனார். சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர், பள்ளி வேன் ஓட்டுபவர். இரண்டு வயது இளையவர், இரண்டு கிலோ கனமானவர், வாயும் கொஞ்சம் கனம்.

கூடம் முன்பு டயர் கிடங்காக இருந்தது. மழை நாளில் இன்னமும் ரப்பர் வாடை வரும். உள்ளே நுழையும் இடத்தில் மாஸ்டர் ஓர் அட்டையில் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: 'பையை அடிக்கப் பன்னிரண்டு அவுன்ஸ். ஆளை அடிக்கப் பதினாறு.' புதிதாக வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். தொங்குகிற பெரிய மணல் பைக்குப் பெரிய கிளவுஸும் ஆளுக்குச் சின்னதும்தானே சரி என்பார்கள். மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முறை விளக்குவார். "பையடிக்கிறப்ப கிளவுஸ் உங்க கைக்கு. ஸ்பாரிங்ல கிளவுஸ் எதிர்ல நிக்கிறவர் மூஞ்சிக்கு. யாருக்குன்னு புரிஞ்சா எத்தனை அவுன்ஸ்னு தானா புரியும்."

தையல்காரருக்கு உடனே புரிந்தது. உள்துணியின் கனம் தெரியாதவரா அவர்? ஒரே கம்பெனியில், ஒரே கறுப்பில், இரண்டு ஜோடி வாங்கினார். பன்னிரண்டு அவுன்ஸ் ஜோடியும் நன்றாக உப்பலான வகை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மற்றபடி, மணிக்கட்டுக்கு உள்பக்கம் தபால்தலை அளவு வெள்ளைத் துணியில் இருந்த எண்தான் அடையாளம்.

பையை அடிப்பதில் அவருக்குக் குறையில்லை. சகலையோடு ஸ்பாரிங் என்றால் இரண்டு ரவுண்டு தாங்குவார். மூன்றாவதில் பதினாறு அவுன்ஸும் இஸ்திரிப்பெட்டி போல ஆகிவிடும். கை தானாக இறங்கும். ஓரத்தில் நிற்பவர்கள், "அரை இன்ச், கைய ஜேப்புல விட்டுட்டியாப்பா?" என்று கேட்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு சாப்பிட உட்காரும்போது சகலை, "மூணாவது ரவுண்டுல எங்க சகலை எனக்குக் கும்பிடு போட்டுடுவாரு" என்று இரண்டு கையையும் தொங்கவிட்டுக் காட்டுவார். அக்காளும் தங்கையும் சிரிப்பார்கள். மனைவி சிரித்ததுதான் அவருக்குத் தைத்தது.

ஒரு மத்தியானம், மனைவி பட்டன் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தபோது, பிரிகத்தியை எடுத்து இரண்டு ஜோடியின் லேபிளையும் பிரித்தார். பதினாறின் லேபிளைப் பன்னிரண்டில் வைத்துத் தைத்தார். உண்மையான பதினாறை லைனிங் துணிகளுக்குப் பின்னால் அலமாரியில் தள்ளினார். எல்லாம் அரை மணி வேலை. கைக்குக் குறைந்த கனம் நாலு அவுன்ஸ், நூறு கிராமுக்குச் சற்று மேல். ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் எடை இருக்கும்.

அந்த எலுமிச்சம்பழம் போனதும் மூன்றாவது ரவுண்டில் கை இறங்கவில்லை. ஓரத்தில் நின்றவர்கள், சார்ஜ் ஏத்திட்டு வந்தியா என்று கேட்டார்கள். மூன்று வாரம் அந்தப் பாராட்டை ருசித்தார். நான்காவது வாரம், அவருடைய வலது கை தலைக்கவசத்துக்குக் கீழே சகலையின் கன்னத்து எலும்பில் இறங்கியது. சகலை விழவில்லை. நிதானமாக உட்கார்ந்தார். கண் இருட்டுகிறது என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கண் வீங்கி மூடிக்கொண்டது.

மாஸ்டர் வந்து தையல்காரரின் கையைத் திருப்பி மணிக்கட்டைப் பார்த்தார். "பதினாறுதான்" என்று சொல்லிவிட்டு ஐஸ் எடுக்கப் போனார். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. தையல்காரர் பல்லால் பட்டியை இழுத்துக் கிளவுஸைக் கழற்றினார். வாயில் பட்டி இருந்ததால் பேச முடியவில்லை என்று பிறகு பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீக்கம் பத்து நாளில் வடிந்தது. டாக்டர் சோதித்துப் பார்த்து, கண்ணில் ஒன்றுமில்லை, நல்ல அடி பட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். சகலை டாக்டரை நம்பவில்லை. அவர் நம்பியது அந்தப் பதினாறை. கடைக்கு வந்து, தைக்கக் கொடுத்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து சொன்னார்.

"ஏழு வருஷமா பதினாறுல அடி வாங்குறேன் சகலை. ஒரு தடவைகூட இப்படி இருட்டினதில்ல. கிளவுஸ் அதேதான், நீங்களும் அதே ஆளுதான். அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு. பதினெட்டு புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஓட்டுறேன். மாசக் கடைசில வேன் சாவியக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

தையல்காரர் அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். சகலை எழுந்து போகும்போது, ஆனாலும் அடி ஒன்று விட்டீர்களே, பிரமாதம் என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று ஒரு காலர் மூன்று முறை கோணிக்கொண்டது.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை காலையில் மனைவி ஜன்னல் கம்பியில் கிளவுஸைக் காயப்போட்டாள். பதினெட்டு வருடமாக அவர் தைத்ததற்கெல்லாம் ஹெம்மிங் போடுபவள். போட்டவள், நகராமல் மணிக்கட்டுப் பக்கத்தையே பார்த்தாள். கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

"என்னங்க, கம்பெனிக்காரன் நூல் முடிச்சை மடிப்புக்கு உள்ள ஒளிச்சு வைப்பானா?"

அவர் கத்தரியை எடுத்து, வெட்ட எதுவுமில்லாமல் திரும்ப வைத்தார்.

"இவ்வளவு நேரா எந்த கம்பெனி தைக்குது? இது உங்க கை."

கோணலாகத் தைத்திருக்கலாம். பெரிய பெரிய தையலாக, அவசரக் கோலமாகத் தைத்திருக்கலாம். திருட்டு வேலை செய்யும்போதும் கை அதன் பழக்கத்தை விடவில்லை. அவர் அலமாரியைத் திறந்து லைனிங் துணிகளுக்குப் பின்னாலிருந்து மற்ற ஜோடியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"என் தங்கச்சி மூஞ்சில இனிமே நான்ல முழிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிறு காலை கூடம் நிறைந்திருந்தது. சகலை தன் கிளவுஸை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு விடைபெற வந்திருந்தார். தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் தையல்காரர் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். ஆனால் மாஸ்டர் எல்லோர் முன்னாலும், இவரைப் பாருங்கள், இந்த வயதில் மூன்றாவது ரவுண்டில் கை இறங்குவதில்லை என்று ஆரம்பித்தார். தையல்காரர் சட்டைப்பையிலிருந்து பிரிகத்தியை எடுத்தார். இரண்டு ஜோடியையும் பெஞ்சில் வைத்து, லேபிளைப் பிரித்து, இது அந்த ஜோடியில் இருந்தது என்று சொன்னார். 

மாஸ்டர் தராசைக் கொண்டுவந்து ஒன்றை வைத்தார். "முந்நூத்தி நாப்பது கிராம். பன்னெண்டு அவுன்ஸ்" என்று சத்தமாகப் படித்தார். ஓரத்தில் நிற்பவர்கள் யாரும் கேலி செய்யவில்லை. ஒருவராவது ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

சகலை எழுந்து வந்து, ஒரு கையில் ஒன்றும் மறு கையில் மற்றதுமாக எடுத்துத் தூக்கிப் பார்த்தார். தையல்காரர் ஓர் அறைக்கும் தயாராகத்தான் நின்றார்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்று சகலை கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினார். சகலை பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டை எடுத்தபோது குரலில் கோபம் இருந்தது, ஆனால் எதிர்பார்த்த கோபம் இல்லை.

"கை வலிக்குது, ரெண்டு ரவுண்டு போதும்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே சகலை. நான் என்ன, உங்களை விடமாட்டேன்னா சொன்னேன்?"

சாவியைக் கொடுக்கும் பேச்சை விட்டு, மறுநாளும் சகலை வேனை எடுத்தார். ஒரு மாதம் கழித்து ரிங்கிலும் ஏறினார். இரண்டு ரவுண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் கையைத் தொங்கவிட்டுக் காட்டுவது நின்றுபோனது. காட்டினால் தேவலை என்று தையல்காரருக்குத் தோன்றும். மாஸ்டரின் தராசு இப்போது அட்டைக்குக் கீழே நிரந்தரமாக இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, தையல்காரர் தானாகவே கிளவுஸை அதில் வைத்து, முள் நிற்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

லேபிளை அதற்குரிய ஜோடியில் அவர் அந்த ஞாயிறு மத்தியானமே தைத்தார். லேபிள் ஒரு பக்கம் இறங்கி, முடிச்சு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பிரித்து மறுபடி தைக்கப் போனவரிடமிருந்து மனைவி பிரிகத்தியை வாங்கி வைத்தாள்.

"விடுங்க. இப்பதான் கம்பெனி தையல் மாதிரி இருக்கு" என்றாள்.