மாமாவிடம் இல்லாத வாள்

மாமா வாளைத் தவிர வாளுக்கு வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்தார். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத் துரைமார் சீமைக்குத் திரும்பும்போது, பட்டாளத்தில் அதிகாரியாக இருந்த காலத்துச் சாமான்களை விட்டுவிட்டுப் போவார்கள். மாமா ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறிப் போய் வாங்கிவருவார். பொன்னிழைக் குஞ்சம், சிங்கமுகக் கொளுக்கி வைத்த இடுப்புவார், பித்தளை வளையம் போட்ட தோலுறை. கண்டி டவுனில் இரும்புக்கடைக் கிளார்க்குக்கு எதற்கு இந்த வேஷமென்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். வாள் வாங்கினால் பொலிஸ் கேள்வி கேட்கும், உறைக்கு யார் கேட்கப்போகிறார்கள் என்பார் மாமா.

அந்த வருடம் ஊரெல்லாம் பதற்றம். துவக்கு, கத்தி என்று பொலிஸ்காரர்கள் வீடுவீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. கேட் சத்தம் கேட்டாலே அம்மா எழுந்துவிடுவாள். அப்படியிருந்தும் மாமா ஆயுத பூசையை விடவில்லை. கத்தரிக்கோல், அரிவாள்மனை, என் பள்ளிக்கூடப் புத்தகங்களோடு தோலுறைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பூசைக் கடலை வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், வாள் எங்கே என்று கேட்டார்கள். இல்லையென்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா ஒளித்துவைத்திருக்கிறார், நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்று அளந்துவிட்டேன். எட்டு வயதிலேயே எனக்கு வாய் நீளம்.

மூன்றாம் நாள் காலையில், பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு, சார்ஜனும் இரண்டு பொலிஸ்காரரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அலுமாரியைக் கவிழ்த்தார்கள். குங்குமம் அழியாத உறையைத் தூக்கிப்பிடித்து, வெறும் உறையை எவன் கும்பிடுவான் என்று சார்ஜன் கேட்டார். வாளே வாங்கியதில்லை என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். சார்ஜன் என் பக்கம் திரும்பி, தொட்டுப் பார்த்தது நீதானே, எங்கே இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொன்னேன் என்று அவர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"மாமா ஆத்துல போட்டுட்டாரு."

எந்த இடமென்று ஸ்டேஷனுக்கு வந்து சொல்லட்டும் என்று சார்ஜன் என் கையைப் பிடித்தார். அம்மா அழத் தொடங்கினாள். மாமா குறுக்கே வந்து நின்றார்.

"புள்ளைய விடுங்க ஐயா. நான்தான் போட்டேன். எடத்த நான் காட்டுறேன்."

மகாவலி ஆற்றில் எந்த இடத்தைக் காட்டினாரோ தெரியாது. எட்டு நாள் கழித்துத்தான் விட்டார்கள். இடது கையை மடக்க முடியாமல் வந்தார். உறையோ குஞ்சமோ எதுவும் திரும்பி வரவில்லை.

அம்மா அவருக்குச் சோறு ஊட்டினாள். நான் கிட்டேயே போகவில்லை. அக்கா மகளான எனக்குக்கூடக் காட்டாமல் நிஜமாகவே ஒரு வாளை வைத்திருந்து, அதை ஆற்றிலும் போட்டுவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம்.