காது நன்றாகத்தான் இருந்தது

எழுபதுகளின் கடைசியில் ஆந்திராப் பக்கத்திலிருந்து ஆரணிக்கு மருமகளாக வந்தேன். தமிழ் தெரியாமல் வரவில்லை. அடுப்படியில் மாமியார் வெற்றிலை மென்றுகொண்டே சொல்லும் ஊர்க்கதை அத்தனையும் புரியும். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பேன். அதே மாமியார் தறிக்கூடத்தில் வாயைத் திறந்தால், அய்யோ, ஒன்றும் விளங்காது. நான்கு தறிகள் ஒன்றாக ஓடும் கூடம் அது. நான்காவது தறி என்னுடையது. பிறந்த வீட்டில் தாவணி போட்ட நாளிலிருந்து நெய்தவள் நான்.

ஒருநாள் எனக்குச் சுற்றித் தந்த, குறுக்கே ஓடும் ஊடை நூலில் சாயம் மாறியிருந்தது. வாசலிலிருந்து பார்த்துவிட்ட மாமியார் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். எல்லோரும் திரும்பினார்கள், நான் மட்டும் நெய்துகொண்டே இருந்தேன். கணவர் எழுந்துவந்து கையைப் பிடிப்பதற்குள் நாலு விரல் அளவு வீணாகிவிட்டது. தறிகள் நின்றதும் மாமியார் பொரிந்து தள்ளினார்.

"செவிட்டுப் பொண்ண நம்ம தலையில கட்டிட்டாங்க! அந்தத் தறிக்கு வேற ஆள் போடுறேன். இவ அடுப்ப பாத்துகினு கெடக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தறியை விடுவதாக இல்லை. நானே கேட்டு வேலூர் டாக்டரிடம் போனேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்ததையெல்லாம் திருப்பிச் சொன்னேன். காதில் குறை இல்லை என்றார்.

"அப்ப திமிரு," என்றார் மாமியார்.

அந்த வாரம் என் அண்ணன் பார்க்க வந்தார். தறிகள் ஓடும்போது வாசலில் நின்று தெலுங்கில் விடைபெற்றார். ஒரு எழுத்து தவறாமல் காதில் விழுந்தது! அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. தாய்மொழியென்றால் சத்தம் விழுங்கிய பாதியை மனசே போட்டு நிரப்பிக்கொள்கிறது. பின்னால் கற்ற மொழியில் அப்படி நிரப்ப என்னிடம் கையிருப்பு போதவில்லை. இதை வாயால் விளக்கினால் திமிர் இரண்டு மடங்காகும். காட்டியே தீருவது என்று முடிவு செய்தேன்.

என் கணவர் பட்டு விஷயமாக எங்கள் ஊருக்குப் போய்வந்து தெலுங்கு பழகியவர். தனக்குத் தெலுங்கு தண்ணி பட்ட பாடு என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். மறுநாள் மாமியாரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வாசலிலிருந்து, ஓடும் தறியில் இருந்த கணவரைத் தெலுங்கில் சாப்பிடக் கூப்பிட்டேன்.

"இன்னா?"

இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

"இன்னாம்மே சொல்ற?" கடைசியில் தறியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"அத்தே, உங்க புள்ளைய எந்த டாக்டராண்ட கூட்டிகினு போலாம்?"

கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. மாமியார் சிரிக்கவில்லை. நானும் விடவில்லை. "எனக்கும் இதே கதைதாங்க அத்தே. வாயில வெத்தல இல்லாம, என் முகத்தப் பாத்து சொல்லுங்க, புடிச்சிக்குவேன். தறிய மட்டும் வுடமாட்டேன்."

மாமியார் தெருவுக்குப் போனார். வெற்றிலையைத் துப்பினார், வாயைக் கொப்பளித்தார். திரும்பி வந்து என் தறிக்கு எதிரே, முகத்துக்கு நேராக நின்றார். மற்ற தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"ஒக்காரு. நெய்யி," என்றார்.

இரண்டு சொல்லும் கேட்டன.