மச்சானின் லேப்டாப்பில் ஏறாத லினக்ஸ்

மேலப்பாளையத்தில் முஃபீதாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு, வீட்டு மாடியில் பழைய கம்ப்யூட்டர்களை வைத்துப் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவர் தனக்கும் கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லப்போய், அவள் கேட்ட இரண்டாவது கேள்வியில் வியர்த்துப் போனதாகத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். முதல் கேள்வியிலேயே வியர்த்துவிட்டார்.

தொண்ணூற்றொன்பது கடைசியில் அவள் லாத்தா என்று கூப்பிடும் அக்கா ஜுபைதாவின் கணவர் சிராஜுதீன் ரியாத் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அங்கே அச்சகத்தில் அரபிப் பக்கங்களை வடிவமைத்தவர். முதலாளி அவருக்கு ஒரு மேக் லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பியிருந்தார். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு போனார். ஒருநாள் முஃபீதாவின் மாடிக்கு வந்து, இந்தக் கம்ப்யூட்டர்களைப் பழைய இரும்புக்குப் போட்டால் பேரீச்சம்பழம்கூடக் கிடைக்காது என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இந்த இரும்புல லினக்ஸ் ஓடுது மச்சான். உங்க சீமைப் பொட்டியில ஓடுமா?" என்று கேட்டாள் முஃபீதா.

லினக்ஸ் என்பது விண்டோஸ்போலக் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. ஓடும் என்று சொல்லிச் சிடியைக் கேட்டார். ஓடாது என்று அவளுக்குத் தெரியும். பத்திரிகையோடு இலவசமாக வந்த அந்தச் சிடி இன்டெல் வகைச் சிப்புக்காகச் செய்தது. மேக்கில் இருந்ததோ பவர்பிசி. அதற்குப் புரிகிற கட்டளைகளே வேறு. பேசாமல் சிடியை எடுத்துக் கொடுத்தாள்.

சிராஜுதீன் ஜங்ஷனிலிருந்து ஐயம்பெருமாளைக் கூட்டிவந்தார். டிவி, மிக்சி பழுது பார்த்துக்கொண்டிருந்து, திடீரென்று கம்ப்யூட்டர் நிபுணர் ஆனவர். முஃபீதா லாத்தா வீட்டு அடுக்களை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். ஐயம்பெருமாள் சிடியைப் போட்டார். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாமல் எப்போதும்போல் எழுந்தது. சட்டையில் துடைத்துவிட்டுப் போட்டார். பிறகு, இது ரியாத் கரண்டுக்குப் பழகிய மிஷின் என்றார். முஃபீதா சிரிப்பை அடக்கத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் ஐயம்பெருமாள், உள்ளே இடமில்லாததால்தான் லினக்ஸ் நுழையவில்லை என்று முடிவுகட்டி, மிஷினையே ஓட்டுகிற கோப்புகள் இருந்த, சிஸ்டம் என்று பெயர்போட்ட ஃபோல்டரைத் திறந்து கைக்கு வந்ததையெல்லாம் அழிக்கத் தொடங்கினார். முஃபீதா வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் மச்சான் அவள் பக்கம் திரும்பி, "நல்லாப் பாத்துப் படிச்சிக்கோ" என்றார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

அடுத்த முறை லேப்டாப்பைப் போட்டபோது திரை நடுவில் ஒரு கேள்விக்குறி மட்டும் மின்னியது. வைரஸ் என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடித்துப் போனார் நிபுணர். அரபி எழுத்துருக்கள் அந்த ஃபோல்டருக்குள்தான் இருந்தன. அவற்றின் சிடிகள் ரியாத்தில். அந்த எழுத்துருக்களை நம்பித்தான் சிராஜுதீன் இங்கே அச்சுத் தொழில் தொடங்க நினைத்திருந்தார்.

ஜுபைதா தங்கையைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏறாதுன்னு ஒனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும். என்கிட்ட யாரு கேட்டா?"

"அவரு மடையன்தான். நீ படிச்சவளாச்சே."

முஃபீதா அன்றே கிளம்பினாள். பிரவுசிங் சென்டருக்குப் போய் லேப்டாப்பை மறுபடி எழுப்ப வழி உண்டா என்று நாலு பேருக்கு மெயில் போட்டுக் கேட்டாள். பவர்பிசிக்கென்றே தனி லினக்ஸ் இருக்கிறதாம். லினக்ஸ் என்றால் இன்டெல் மட்டும்தான் என்று அவள் இத்தனை காலமும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருந்தாள். தன்னையே ஒரு வசவு வைதுகொண்டாள். பெங்களூரிலிருந்து ஒரு புண்ணியவான் சிடி அனுப்பினார். அது ஏறியது.

ஆனால் மச்சானின் அரபிப் பக்க வேலைக்கான மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "இத வச்சி நான் என்ன செய்ய?" என்று லேப்டாப்பை அவள் பக்கமே தள்ளினார். பஜாரில் செருப்புக்கடை வைத்தார். அதில் நன்றாகவே வியாபாரம் ஆனது. லேப்டாப் மாடிக்கு வந்தது.

அதற்குப் பிறகு யார் எந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாலும், என்ன சிப் என்று பார்த்து, ஏறுமா ஏறாதா என்பதை முஃபீதா உடனே சொல்லிவிடுவாள். சொல்லும் விதம் மட்டும் திருந்தவில்லை. "அடியில எழுதியிருக்கு. வாசிக்கத் தெரியும்லா?" என்றுதான் தொடங்குவாள்.